வர்ஜீனியாவும் நியூயார்க்கும்: ஆளுநரைத் தேர்ந்தெடுத்த இரு முறைகள்

அமெரிக்க மாநிலமான வர்ஜீனியாவின் 1776ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி ஆளுநரை ஆண்டுதோறும் சட்டமன்றமே தேர்ந்தெடுத்தது. இரு அவைகளிலும் தனித்தனியே வாக்குச்சீட்டுகள் திரட்டப்பட்டு, அந்தப் பெட்டிகளைக் கூட்டறையில் இரு அவைகளின் குழுவினரும் சேர்ந்து திறந்து எண்ணினர். 1779இல் தாமஸ் ஜெபர்சன் தம் நண்பர் ஜான் பேஜை இரண்டாம் சுற்றில்தான், அதுவும் 67க்கு 61 என்ற நூலிழையில், வென்றார். அன்றைய ஆளுநர் எவரும் தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் பதவியில் நீடிக்க முடியாது. சட்டங்களைத் தடுக்கும் அதிகாரமும் கிடையாது. முன்பு பிரிட்டிஷ் மன்னர் நியமித்த ஆளுநர்களிடம் பட்ட சூடு அப்படி.

நியூயார்க்கிலோ, 1777 முதல் நிலவுடைமையாளர்கள் நேரடியாக வாக்களித்தனர். பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். ஜார்ஜ் கிளின்டன் 1795 வரை இடைவிடாது ஆண்டார். நீதிபதிகளுடன் அமர்ந்து மசோதாக்களைத் திருப்பியனுப்பவும் அவரால் முடிந்தது. நிலமற்றவர்களுக்கு வாக்கில்லை என்றாலும், என் பார்வையில், ஆளுநர் பதவிக்கு வலுவளித்தது இந்த முறையே. வர்ஜீனியா மக்கள் வாக்கெடுப்புக்கு மாறியது 1851இல்தான்.