அலுமினியப் பெட்டியா, செப்பு வலையா, அடுக்குக் கலவையா: உப்புக்காற்றில் எந்தக் கவசம் நிற்கும்?

ஃபைபர் படகின் கண்ணாடி இழையும் ரெசினும் மின்காந்த அலையைத் தடுக்காது. எல்இடி விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் சர்க்யூட் கிளப்பும் இரைச்சல் நேராகப் போய் விஎச்எஃப் ஒயர்லெஸ்ஸில் விழும். சந்தேகம் இருந்தால் ஆள் பேசாத ஒரு சேனலை வைத்து, இரைச்சல் அடங்கும் இடம் வரை மட்டும் ஸ்குவெல்ச்சை (வெற்று இரைச்சலை அடைக்கும் குமிழ்) திருப்புங்கள். அப்புறம் விளக்கைப் போடுங்கள். மறுபடி சரசரவென்று கேட்டால் காரணம் விளக்குதான். ஆபத்தில் கூப்பிடும் 16ஆம் சேனலையும் அது அமுக்கிவிடும் என்பதால், பாம்பன், தொண்டிப் பக்கம் கடலுக்குப் போகிற யாரும் இதைச் சும்மா விடக்கூடாது.

டிரைவரை அலுமினியப் பெட்டிக்குள் அடைப்பது பழைய வழி. தடுக்கும் திறனில் குறையே இல்லை. 16ஆம் சேனலின் 156.8 மெகாஹெர்ட்ஸ் அலை, அலுமினியத்துக்குள் சுமார் 7 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) போவதற்குள் பாதிக்கும் கீழே மெலிந்துவிடும். 1 மில்லிமீட்டர் தகடே தாராளம். வினை மூடி சேரும் விளிம்பில் இருக்கிறது. ஸ்டெயின்லெஸ் திருகு தொடும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரித்து, திருகைச் சுற்றி வெள்ளையாக மாவு பூக்கும். அந்த மாவு மின்சாரம் கடத்தாது. மூடிக்கும் பெட்டிக்கும் தொடர்பு அறுந்ததும், நீளமான அந்த இடுக்கே ஆன்டெனாவாகி அலையை வெளியே விடும். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் அரிப்போடு எவ்வளவு போராடியது என்று அறிந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கார்பன் இழைத் துணி லேசானது, தானாக அரிக்காது. ஆனால் அதைத் தொடும் அலுமினியத்தை உப்புநீரில் வேகமாக அரிக்கவைக்கும்.

வெவ்வேறு பொருள்களை அடுக்கடுக்காகச் சேர்த்த அடுக்குக் கலவைதான் இதில் சுவாரசியமானது. உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும். இந்தக் கலவையோ அதை உள்ளே இழுத்து வெப்பமாக்கும். காற்றின் அலைத்தடை, அதாவது அலைக்குக் காற்று காட்டும் மின்தடை போன்ற அளவு, 377 ஓம். மேலடுக்கு அதோடு ஒத்துப்போனால் அலை திரும்பாமல் உள்ளே நுழையும். நடு அடுக்கில் ஃபெரைட்டோ (இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பீங்கான்) கார்பன் துகளோ அதை மெலியவைக்கும். மிச்சத்தைக் கடைசிக் கடத்தும் அடுக்கு திருப்பிவிட, அது மறுபடி நடு அடுக்கைக் கடக்க வேண்டும். கடத்தும் அடுக்குக்கு முன்னால் கால் அலைநீளத் தூரத்தில் 377 ஓம் தாளை நிறுத்தும் சாலிஸ்பரி திரை இதன் எளிய வடிவம். 9.4 கிகாஹெர்ட்ஸ் ரேடாருக்கு அந்தத் தூரம் 8 மில்லிமீட்டர்தான். ரேடாருக்குப் பக்கத்தில் நிற்கும் கம்பத்தில் பட்டுப் பொய் எதிரொலி வந்தால், அதை அடக்க இதுதான் சரியான சரக்கு.

ஒயர்லெஸ் இரைச்சலுக்கு? 156.8 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 1.9 மீட்டர், கால் பங்கே 48 சென்டிமீட்டர். எந்தப் படகில் வைப்பது? சோதனைக்கூடச் சுவர்களில் ஒட்டும் ஃபெரைட் ஓடு சுமார் 6 மில்லிமீட்டரில் இதைச் சாதிக்கும் என்றாலும், ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 30 கிலோ வரும். 2016இல் பேசப்பட்ட எம்எக்ஸீன் (டைட்டானியம் கார்பைடின் மிக மெல்லிய தாள்கள்) படலம் 45 மைக்ரானில் 92 டெசிபல் தடுப்புக் காட்டியது. ஆனால் ஈரக்காற்றில் அது ஆக்சிஜனேற்றம் ஆகிவிடும். நம் கரைக்கு இப்போது ஒத்துவராது.

அதனால் பெட்டிக்கு என் தேர்வு, இரண்டு கண்ணாடி இழை அடுக்குகளுக்கு நடுவே புதைத்த செப்பு வலை. உறிஞ்சாது, திருப்பித்தான் அடிக்கும். பரவாயில்லை, நமக்கு வேண்டியது தடுப்பு. ரெசின் நன்றாக ஊறியிருந்தால் உப்பு செம்பைத் தொடாது. மூடி விளிம்பில் மட்டும் வலை வெளியே வர வேண்டும். அங்கே கடத்தும் ரப்பர் பட்டி வைத்து இறுக்க வேண்டும், அவ்வப்போது திறந்து பார்க்கவும் வேண்டும். விலையும் வேலையும் கூடுதல்தான். ஆனால் இதெல்லாம் செய்வதற்கு முன்னால் விளக்கு ஒயரில் ஃபெரைட் கிளிப்பை மாட்டிப் பாருங்கள். இரைச்சல் ஒயர் வழியாகவே ஏறி வந்தால் எந்தப் பெட்டியும் உதவாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: உறிஞ்சும் கலவையைப் படகின் உடம்பில் பூசவே கூடாது. ஃபைபர் படகு ஏற்கெனவே கப்பல் ரேடாரில் சரியாகத் தெரியாது. அங்கே தேவை, அலையை வந்த வழியே திருப்பும் உலோக ரேடார் ரிஃப்ளெக்டர். அதை எவ்வளவு உயரத்தில் கட்ட முடியுமோ அவ்வளவு உயரத்தில் கட்டுங்கள்.