அப்பா டிக் போடாமல் விட்ட கட்டம்

மும்பை மாட்டுங்காவில் நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோதிலிருந்து கணக்கு வைத்திருக்கும் அதே வங்கிக் கிளைக்கு, லண்டனிலிருந்து வந்த இந்த மூன்று வாரத்தில் ஐந்து முறை அம்மாவை அழைத்துச் சென்றேன். பித்தளை டோக்கனும் கோந்து பாட்டிலும் மறைந்துவிட்டன; 'கல் ஆயியே' (நாளை வாருங்கள்) என்ற இந்திப் பதில் மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்பாவும் அம்மாவும் 'எய்தர் ஆர் சர்வைவர்' (இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்) என்று சேர்ந்து போட்டிருந்த எஃப்.டி. (நிரந்தர வைப்பு) முதிர இன்னும் இரண்டு ஆண்டுகள் உள்ளன. அப்பா காலமாகிவிட்ட நிலையில், அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக அதை உடைக்க வேண்டியிருந்தது. அதிகாரி பழைய விண்ணப்பத்தை எடுத்து, அப்பாவின் சாய்ந்த கையெழுத்துக்குக் கீழே பேனா மூடியால் தொட்டுக் காட்டினார். ஒருவர் இறந்தால் மற்றவர் முதிர்வுக்கு முன்பே பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்ற வரிக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது. மின்சார பில்லுக்குக்கூட இரண்டு நகல் எடுத்துவைத்த மனிதர்! இருவரும் முன்கூட்டியே அந்த ஒப்புதலைக் கொடுத்திருந்தால் வாரிசுகளைக் கேட்க வேண்டாம் என்பதுதான் ரிசர்வ் வங்கியின் விதி. கொடுக்காததால் நானும் தம்பியும் கையெழுத்திட வேண்டும் என்றார்.

லண்டனில் என் மாமனார் காலமானபோது, இறப்புச் சான்றிதழைக் காட்டியதும் கூட்டுக் கணக்கு மாமியார் பெயருக்கு மாறியது. இங்கே டோம்பிவிலியிலிருந்து தம்பி, "அம்மா கைக்குப் போனால் உன் கைக்குப் போன மாதிரிதான் அக்கா" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டான். எனக்கு எரிச்சல்தான், ஆனால் சட்டம் அவன் பக்கமும் இருக்கிறது. உயிரோடிருப்பவரிடம் பணத்தைக் கொடுத்ததும் வங்கியின் பொறுப்பு தீருமே தவிர, வாரிசுகளின் உரிமை தீராது. உயிலில்லாத அப்பாவின் சம்பாத்தியத்தில், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அம்மாவுக்கும் எங்கள் இருவருக்கும் சம பங்கு.

அவன் பங்கு அவனுக்கு உண்டு என்று அம்மா தாளில் எழுதிக் கொடுத்த பிறகே, ஐந்தாம் முறை அவன் வந்து கையெழுத்திட்டான். சிகிச்சைக்குப் போக மிஞ்சியதை அம்மா தன் ஒருத்தி பெயரிலேயே புதிதாகப் போட்டார். 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை நாமினி போட்டுச் சதவீதமும் குறிக்கலாம் என்று அதிகாரி சொன்னதும், எங்களைக் கேட்காமலேயே 50, 50 என்று எழுதினார். தம்பி அதை இரண்டு முறை படித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டான்.