மைக்ரோ செட், மைக்ரோ சால்: மாதிரி ரயில் பெட்டிகளில் டெக்கல் ஒட்டுவதற்கான இரு திரவங்கள்

ஒரு மாதிரிச் சரக்குப் பெட்டியை எவ்வளவு நேர்த்தியாகக் கட்டி வண்ணம் பூசினாலும், எழுத்துகளைச் சுற்றி டெக்கல் (எழுத்தும் சின்னங்களும் அச்சிட்ட, நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படலம்) ஒட்டிய விளிம்பு தெரிந்துவிட்டால் உழைப்பு முழுவதும் எடுபடாமல் போகிறது. அமெரிக்காவின் மைக்ரோஸ்கேல் நிறுவனம் விற்கும் மைக்ரோ செட், மைக்ரோ சால் ஆகிய இரு திரவங்களும் இந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்றே உள்ளவை.

வினிகர் வாடை கொண்ட மைக்ரோ செட்டை டெக்கல் வைக்கப்போகும் இடத்தில் முதலில் தடவ வேண்டும். அது பரப்பை நன்றாக நனைத்துப் படலம் பற்றிக்கொள்ள உதவுகிறது. டெக்கலின் மேல் தடவும் மைக்ரோ சால் படலத்தையே இளக்கி, ரிவெட் தலைகளின் மேலும் தகடுகளின் இணைப்புகளுக்குள்ளும் படிந்து இறங்கச் செய்கிறது. 1940களில் அமெரிக்காவின் சாண்டா ஃபே ரயில்வேயின் பாக்ஸ் கார்களில் (மூடிய சரக்குப் பெட்டிகளில்) ஒரு பக்கம் அந்த ரயில்வேயின் வழித்தட வரைபடமும், மறுபக்கம் ‘சூப்பர் சீஃப்’ போன்ற பயணிகள் ரயில் ஒன்றின் பெயரும் இடம்பெற்றிருந்தன. 1:87 அளவான எச்.ஓ. மாதிரியில் அந்த வரைபடம் பல ரிவெட் வரிசைகளைக் கடந்து செல்வதால், சாலின் திறமையைச் சோதிக்க அதைவிடப் பொருத்தமான டெக்கல் இல்லை என்பேன். சால் பட்டவுடன் படலம் சுருங்கி, பாழாகிவிட்டதோ என்று அஞ்சும் அளவுக்கு மடிப்புகள் எழும். ஆனால் அப்போது அதைத் தொடவே கூடாது. உலர உலர மடிப்புகள் தாமாகவே அடங்கி, எழுத்து பெட்டியின் மேலேயே எழுதப்பட்டது போல் அமைந்துவிடுகிறது. எஞ்சும் காற்றுக் குமிழிகளை ஊசி முனையால் குத்தி, மீண்டும் சிறிது சால் தொட்டு வைத்தால் போதும்.

பரப்பு மட்டும் பளபளப்பாக இருந்தாக வேண்டும். மங்கலான வண்ணத்தின் சொரசொரப்பில் காற்று சிக்கிக்கொள்வதால்தான் படலம் வெள்ளி நிறமாகத் தெரிகிறது. அதை எந்தத் திரவமும் முழுவதுமாகச் சரிசெய்யாது. முதலில் பளபளப்புப் பூச்சு, ஒட்டி உலர்ந்தபின் நீர்க்கறையைத் துடைத்தல், இறுதியில் மங்கல் பூச்சு என்பதே சரியான வரிசை.

சால் மென்மையானது, அதனால் மெல்லிய படலத்திற்கு மிகவும் ஏற்றது. தடித்த பழைய டெக்கல்களுக்கும், பலகை இடுக்குகள் ஆழமாக உள்ள மரப்பக்கப் பெட்டிகளுக்கும் வால்தர்ஸ் நிறுவனத்தின் இன்னும் வீரியமான சால்வாசெட் பொருந்தும். அங்கும் புதிய பிளேடால் ஒவ்வோர் இடுக்கிலும் படலத்தைக் கீறிவிட்டுத் தடவுவது நல்லது. வீரியம் கூடும்போது வண்ணத்தையும் தாக்கக்கூடும் என்பதால், பெட்டியின் அடிப்புறத்தில் ஒரு துளி வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் தயங்காமல் சால் திரவத்தையே வாங்கலாம். செட்டுக்குப் பதிலாக நீர் கலந்த வெள்ளை வினிகரைக் கொண்டு வேலையை முடிப்போரும் உண்டு. சாலுக்கு அப்படிச் சமையலறை மாற்று எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.