எஸ்.பி. ரோடு வயர் வைத்த எல்இடி: மாடல் ரயில் எஞ்சின் ஹெட்லைட்டுக்கு வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். பாக்கெட்டில் கூடவே வரும், கரண்டைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரை மட்டும் எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் இந்த வயர் வைத்த 0603 எல்இடி பத்துப் பத்தாகத்தான் வரும். பாக்கெட்டில் கம்பெனிப் பெயர் இருக்காது. 0603 என்றால் 1.6 மி.மீ. நீளம், 0.8 மி.மீ. அகலம். 1:87 அளவுள்ள ஹெச்ஓ எஞ்சினில் அந்த 1.6 மி.மீ. நிஜ எஞ்சினின் 14 செ.மீ.க்குச் சமம். சாதாரண 3 மி.மீ. குண்டு எல்இடியோ 26 செ.மீ. ஆகிவிடும், பார்த்தாலே பொம்மை என்று தெரியும். ஹெட்லைட் அல்லாத சின்ன அடையாள விளக்குகளுக்கு (மார்க்கர்) இன்னும் சிறிய 0402 கேளுங்கள். நிறத்தில் ‘வார்ம் ஒயிட்’ என்று சொல்லி வாங்குங்கள். பழைய டீசல் எஞ்சினில் நீலம் பாய்ந்த வெள்ளை ஒட்டாது. இப்போது ஓடும் எல்இடி ஹெட்லைட் எஞ்சின்களுக்கு மட்டும் கூல் ஒயிட் பொருந்தும்.

இனி ரெசிஸ்டர். பாக்கெட்டில் வருவது 1 கிலோ ஓம். 12 வோல்ட்டில் வெள்ளை எல்இடி சுமார் 3 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, மீதி 9 வோல்ட் ரெசிஸ்டரில் விழும். 9 மில்லிஆம்பியர் ஓடும். எல்இடி சாகாது. ஆனால் மெல்லிய பிளாஸ்டிக் பாடி வழியாக டிரைவர் கேப் மொத்தமும் லாந்தர் மாதிரி ஜொலிக்கும். 2.2 கிலோ ஓம் (சிவப்பு, சிவப்பு, சிவப்பு) போட்டால் 4 மில்லிஆம்பியர். ஹெட்லைட்டுக்கு அதுவே போதும். வெளிச்சம் இன்னும் அடங்கி இருக்க வேண்டுமென்றால் 4.7 கிலோ. கால் வாட் ரெசிஸ்டர் பாடிக்குள் இடத்தை அடைக்கும். எட்டில் ஒரு வாட் தாராளம்.

இந்திய எஞ்சின்களில் ஒரே கூட்டில் இரட்டை விளக்கு இருப்பதால் பலர் இரண்டு எல்இடியையும் இணையாக இணைத்து ஒரே ரெசிஸ்டரில் முடித்துவிடுகிறார்கள். அது தவறு. இரண்டின் வோல்டேஜும் துளி வேறுபட்டாலும் ஒன்று கரண்டை அதிகமாக இழுத்துக்கொள்ளும், மற்றது மங்கும். டிராக்கில் எப்போதும் முழு வோல்டேஜ் இருக்க, டிஜிட்டல் கட்டளையால் எஞ்சினை இயக்கும் டிசிசியில் ஓட்டுபவர்கள் இரண்டையும் தொடராக இணைத்து 2.2 கிலோ ஒன்று போடலாம். டிராக் வோல்டேஜைக் கூட்டிக் குறைத்து ஓட்டும் சாதாரண டிசியில் தொடர் இணைப்பு வேண்டாம். டிராக்கில் 6 வோல்ட் வரும்வரை விளக்கு எரியாது, அதற்குள் எஞ்சின் பாதி மேடை தாண்டியிருக்கும். அங்கே ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர்.

டிசியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எஞ்சின் பின்னால் போகும்போது துருவம் மாறி, எல்இடி மேல் 12 வோல்ட் தலைகீழாக விழும். பெரும்பாலான எல்இடி தாங்குவது 5 வோல்ட்தான். ஒரு முனையில் மட்டும் விளக்கு என்றால் அதற்கு இணையாக, எதிர்த்திசையில் 1என்4148 டயோடு (ஒரு திசையில் மட்டும் கரண்டை விடுவது) ஒன்றை இணையுங்கள். இரு முனையிலும் ஒவ்வொரு விளக்கு என்றால் டயோடே வேண்டாம்: முன் எல்இடியையும் பின் எல்இடியையும் ஒன்றுக்கொன்று இணையாக, ஆனால் தலைகீழாக இணைத்துப் பொதுவாக ஒரு ரெசிஸ்டர் போடுங்கள். எரிகிற எல்இடி அணைந்த எல்இடியைக் காப்பாற்றும், போகும் திசைக்கேற்ப விளக்கும் தானே மாறும். மிக அழகான இணைப்பு இது.

டிசிசி டிகோடரில் (எஞ்சினுக்குள் கட்டளையைப் படிக்கும் சின்ன போர்டு) நீல வயர் பொது பாசிட்டிவ், வெள்ளை முன் விளக்கு, மஞ்சள் பின் விளக்கு. சில எஞ்சின்களின் போர்டிலேயே ரெசிஸ்டர் இருக்கும். மல்டிமீட்டரில் பார்க்காமல் இன்னொன்று சேர்த்தால் விளக்கு அழுதுவடியும்.

பாக்கெட்டின் குறைகளும் உண்டு. வயர் நிறத்தை நம்பக் கூடாது, சிலவற்றில் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கும். சிஆர்2032 பட்டன் செல்லில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, நிறம் ஒத்துப்போகிற இரண்டிரண்டாகப் பிரித்து வையுங்கள். தலைமுடி மாதிரியான வயர் எல்இடியின் அடியிலேயே முறியும். மாட்டும் முன்பே அங்கே ஒரு துளி எபாக்ஸி வையுங்கள். வயரின் எனாமலை பிளேடால் சுரண்டினால் வயரே அறுந்துவிடும். சால்டர் உருண்டை நிற்கும் சூடான முனையில் நுனியைச் சில விநாடி முக்கினால் எனாமல் எரிந்து ஈயம் பிடிக்கும்.

பாடியின் உட்புறத்தில் முதலில் கறுப்பு பெயின்ட், அது காய்ந்தபின் வெள்ளை. வெளிச்சத்தை மறைக்க அலுமினியம் ஃபாயில் டேப் ஒட்டாதீர்கள். உலோகச் சேஸி நேரே டிராக்கோடு இணைந்திருக்கும் எஞ்சின்களில் அதுவே ஷார்ட் ஆக்கும். மின்சாரம் கடத்தாத கறுப்பு இன்சுலேஷன் டேப் நல்லது. லென்ஸை சூப்பர் க்ளூவால் ஒட்டினால் வெண்புகை படிந்துவிடும். வெள்ளை ஃபெவிகால் காய்ந்தபின் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அதில் ஒரு துளி விட்டால் சின்ன ஓட்டைக்கு லென்ஸாகவே இருக்கும்.

இரு முனையிலும் இரட்டை விளக்கு என்றால் ஓர் எஞ்சினுக்கு நான்கு. ஒரு பாக்கெட்டில் இரண்டு எஞ்சின் முடியும். மீதி இரண்டு, முறிகிற வயருக்கு.