தட்டானை நெருங்க 100-400: கேனன் ஆர்10 உடன் ஒரு மதிப்பீடு

கேனன் ஆர்எஃப் 100-400 எஃப்5.6-8 லென்ஸைப் பறவைக்காகத்தான் பலரும் வாங்குகிறார்கள். அதன் அசல் பலம் கிட்டத்தில் இருக்கிறது. 400 மி.மீ.யில் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை நெருங்கினாலும் ஃபோகஸ் பிடிக்கும், உருப்பெருக்கம் (சென்சாரில் விழும் உருவத்துக்கும் நிஜ அளவுக்கும் உள்ள விகிதம்) 0.41 மடங்கு. ஆர்10 கேமராவின் ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய) சென்சாரில் 54க்கு 36 மி.மீ. பரப்பு ஃபிரேமை முழுசாக நிரப்பிவிடும். தட்டானையும் பட்டாம்பூச்சியையும் கிராப் செய்யாமலே (படத்தை வெட்டாமலே) பெரிதாக எடுக்கலாம். பூச்சி மிரளாத தூரத்திலிருந்து இவ்வளவு கிடைப்பது பெரிய விஷயம். எடையும் குறைவு: லென்ஸ் 635 கிராம், பாட்டரி, கார்டோடு கேமரா 429 கிராம்.

அந்த நெருக்கத்தில் அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளை) எஃப்8-இல் வைத்தால் தெளிவாக விழும் ஆழம் இரண்டரை மி.மீ.தான். எஃப்11-இல் மூன்றரை. அதற்கு மேல் அப்பர்ச்சரைச் சுருக்கினால் டிஃப்ராக்‌ஷனால் (சிறு துளையில் ஒளி விரிவதால்) படம் மழுங்கும். எனவே ஆழத்தை அப்பர்ச்சரில் தேடாமல் கோணத்தில் தேடுங்கள். தட்டானின் உடல் சென்சாருக்கு இணையாக வரும்படி பக்கவாட்டில் நகர்ந்தால் கண் முதல் வால் நுனி வரை தெளிவாக வரும்.

ஆட்டோஃபோகஸில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஆர்10 நாய், பூனை, பறவையை அடையாளம் காணும். பூச்சியை அடையாளம் காண அதற்குத் தனி வசதி இல்லை. புல்வெளியில் முழு ஃபிரேமையும் அதன் பொறுப்பில் விட்டால் பின்னணியைப் பிடித்துக்கொள்ளும். ஃபோகஸ் தேடும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் சுவிட்சும் லென்ஸில் இல்லாததால் ஒருமுறை தவறினால் முழு தூரமும் ஓடித்தான் திரும்பும். ஸ்பாட் ஏஎஃப் (ஒரு சிறு புள்ளியில் மட்டும் ஆட்டோஃபோகஸ்) வைத்து, பூச்சி இருக்கும் தூரத்திலேயே உள்ள தண்டில் முதலில் ஃபோகஸ் செய்துவிட்டு, பிறகு கண்ணுக்கு நகர்த்துங்கள். நம் உடல் முன்னும் பின்னும் லேசாக ஆடுவதே ஃபோகஸைக் கெடுக்கும். சர்வோ ஏஎஃப் (தொடர்ந்து ஃபோகஸைச் சரிசெய்யும் முறை) வைத்து ஐந்தாறு ஃபிரேம்களாக அடித்தால் ஒன்றிரண்டு சரியாக அமையும்.

கேமராவின் பாடியில் கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசர் இல்லை. லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர் 5.5 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் நேரம் இரு மடங்கு) ஈடுகட்டும் என்கிறார்கள். அது தொலைவுக்குச் சொன்ன கணக்கு, கிட்டத்தில் பலன் குறையும். ஷட்டர் வேகம் அமர்ந்திருக்கும் பூச்சிக்கு 1/500 நொடி, பறக்கும் பறவைக்கு 1/2000, மேனுவலில் ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறனைக் கேமராவே தேர்வது) என்று வைக்கலாம். எஃப்8 என்பதால் காலை நிழலில் ஐஎஸ்ஓ சட்டென 3200-ஐத் தாண்டும். அடர்ந்த காட்டுக்குள் மங்கலான ஒளியில் பறவை எடுப்பவர்களுக்கு இந்த லென்ஸைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

எலக்ட்ரானிக் ஷட்டரில் நொடிக்கு 23 ஃபிரேம் வரும், ஆனால் சென்சார் வரிவரியாகப் பதிவதால் சிறகடிப்பு வளைந்து விழும். மெக்கானிக்கலில் கிடைக்கும் 15 போதும். மழைத் தடுப்பு இல்லை. ஹூட் (லென்ஸ் முனையில் மாட்டும் ஒளி மறைப்பு) தனியாக வாங்க வேண்டும், அவசியம் வாங்குங்கள்.

இன்னும் பெரிதாக வேண்டுமா? எக்ஸ்டென்ஷன் டியூப் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே மாட்டும் வெற்றுக் குழல்) வீண், 12 மி.மீ. டியூப் 400-இல் மிகக் கொஞ்சம்தான் கூட்டும். 2 டயாப்டர் (லென்ஸ் திறனின் அளவு) க்ளோஸ்-அப் லென்ஸை, இரட்டைக் கண்ணாடி வகையாகப் பார்த்து, லென்ஸின் முன்புறமுள்ள 67 மி.மீ. திரெட்டில் மாட்டுங்கள். ஃபோகஸ் முடிவிலியில் (மிகத் தொலைவில்) இருக்கும்போதே 0.8 மடங்கு, லென்ஸ் முனையிலிருந்து அரை மீட்டர் இடைவெளி. அதை மாட்டியிருக்கும்வரை தூரத்துக் காட்சி எதுவும் ஃபோகஸ் ஆகாது. பறவை வந்தால் கழற்றத்தான் வேண்டும்.