செம்பு ரிவெட் வைத்த ஜீன்ஸ்: பாம்பன் உப்புக் காற்றில் ஓராண்டு

ராமநாதபுரம் கடைத்தெருவில் வாங்கிய இந்த ஜீன்ஸை உடுத்தித்தான் ஓராண்டாகப் பாம்பன் கடற்கரையில் மீன்கூடை தூக்குகிறேன். பைக்குள் கத்தியும் நைலான் கயிறும் எப்போதும் கிடந்தும், பையின் மூலையில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. பையின் மூலைகளை இறுக்கிப் பிடித்திருப்பவை செம்பு ரிவெட்டுகள், அதாவது துணியோடு சேர்த்து அடித்த சிறு ஆணிகள்.

ஜீன்ஸில் ரிவெட் வந்த கதை இது: வெள்ளிச் சுரங்கங்களுக்குப் பேர்போன அமெரிக்க மாநிலமான நெவாடாவின் ரெனோ ஊரில் கூடாரமும் குதிரைப் போர்வையும் தைத்துப் பிழைத்த ஜேக்கப் டேவிஸ் என்னும் யூதத் தையற்காரர், தம் கணவருக்குக் கிழியாத கால்சட்டை வேண்டுமென்று ஒரு பெண்மணி கேட்டபோது, குதிரைப் போர்வைக்கு அடிக்கும் ரிவெட்டையே பையின் மூலைகளிலும் அடித்துக் கொடுத்தார். காப்புரிமை பெறத் துணை தேடிய அவர், தமக்குத் துணி அனுப்பிவந்த சான் பிரான்சிஸ்கோ மொத்த வணிகர் லீவை ஸ்ட்ராஸுக்குக் கடிதம் எழுதினார். பவேரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஸ்ட்ராஸும் யூதரே. 1873 மே 20 அன்று டேவிஸுக்கும் ஸ்ட்ராஸின் நிறுவனத்துக்கும் பொதுவாக அந்த உரிமை கிடைத்தது. பாடுபடுகிறவர்களை மனத்தில் வைத்துச் செய்த பொருள் இது என்பதை என் உடம்பே அறியும்.

குறையும் உண்டு. உப்புக் காற்றில் ரிவெட்டில் பச்சைக் களிம்பு பூக்கிறது; புளி தேய்த்துக் கழுவினால் போய்விடும். ஐப்பசி மழையில் துவைத்தால் காய இரண்டு நாளாகும் என்பதால், இரண்டாக வாங்குவதே நல்லது.