ஃபார்ச்சூனரும் பஞ்ச்சும்: ஒரே வீட்டில் இரண்டையும் ஓட்டிய அனுபவம்

எங்கள் வீட்டில் இரண்டு வண்டிகள் இருக்கின்றன. ஒன்று டொயோட்டா ஃபார்ச்சூனர், 2.8 லிட்டர் டீசல் ஆட்டோமேட்டிக், டூ வீல் டிரைவ். இன்னொன்று டாடா பஞ்ச், 1.2 லிட்டர் பெட்ரோல், ஏஎம்டி (கிளட்ச் மிதிக்காமல் தானே கியர் மாறும் வகை). ஊர் பொள்ளாச்சி. தோப்புக்குப் போவது, வேலையாகக் கோவைக்குப் போய்வருவது, வால்பாறைச் சொந்தங்களைப் பார்க்க மலையேறுவது, எப்போதாவது சென்னை என்று பல வருடங்களாக இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறோம். "பெரிசா ஒண்ணு எடுக்கலாமா, இல்ல சின்னதே போதுமா?" என்று சொந்தக்காரர்களில் யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவர்களுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டும் வேறு வேறு ரகம், எப்படி ஒப்பிடுவது என்று சிலர் கேட்பார்கள். ஷோரூமில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் வீட்டில் உட்கார்ந்து யோசிக்கும்போது கேள்வி இப்படித்தான் வருகிறது: கையில் இருப்பதையும் கடனையும் சேர்த்து ஒரே பெரிய வண்டியில் போடுவதா, சின்னதை எடுத்துவிட்டு மீதியைத் தோப்பிலோ பிள்ளைகள் படிப்பிலோ போடுவதா?

முதலில் பணம். 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு, நான்கு மீட்டருக்குள் அடங்கி 1200 சிசி வரை பெட்ரோல் இன்ஜின் உள்ள கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பெரிய எஸ்யூவிகளுக்கு 40 சதவீதம். முன்பு செஸ் என்ற கூடுதல் வரியையும் சேர்த்து 29-ம் 50-மாக இருந்தவை இவை. தமிழ்நாட்டில் இதற்கு மேல் சாலை வரி இருக்கிறது. 2023 நவம்பரில் அதை உயர்த்தினார்கள். 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம். 35 லட்ச ரூபாய் வண்டி என்றால் ஆயுள் வரி மட்டும் 7 லட்சம். 2021 அக்டோபரில் பஞ்ச் வந்தபோது அதன் தொடக்க விலையே 5.49 லட்சம்தான். அந்த வரி ரசீதைக் கையில் வைத்துப் பார்க்கும்போது, பெரிய வண்டி நமக்கு உண்மையிலேயே வேண்டுமா என்று இன்னொரு முறை யோசிப்பதில் தப்பே இல்லை.

டீசல் செலவைப் பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள். அது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. எங்கள் ஓட்டத்தில் ஃபார்ச்சூனர் ஊருக்குள் லிட்டருக்கு 9, 10 கிலோமீட்டர் கொடுக்கிறது, நெடுஞ்சாலையில் 12, 13. பஞ்ச் ஊருக்குள் 13, 14, வெளியே 17, 18. பெட்ரோல் விலை டீசலை விட அதிகம் என்பதால் கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் ஊருக்குள் வித்தியாசம் இரண்டு ரூபாய்க்குப் பக்கத்தில்தான் நிற்கும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் இரண்டாயிரம் ரூபாய். அந்த விலைக்கு வண்டி வாங்குபவருக்கு இது ஒரு காரணமே ஆகாது. உண்மையான வித்தியாசம் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் நாளிலும் டயர் மாற்றும் நாளிலும் தெரியும். ஃபார்ச்சூனரின் டயர் பெரிசு. அதில் ஒன்றின் விலைக்குப் பஞ்ச்சின் 16 இன்ச் டயரில் இரண்டையாவது வாங்கிவிடலாம். சர்வீஸ் பில்லும் அதே கதைதான். வாங்கும்போது ஒரே தடவையாக மலைத்துவிட்டு மறந்துவிட முடியாது. வருடா வருடம் வரும்.

பணத்தை விட முக்கியமான ஒன்று இருக்கிறது. வண்டியில் யார் ஏறுகிறார்கள் என்பது. எங்கள் அம்மாவுக்கு மூட்டுவலி. ஃபார்ச்சூனரின் உள்தரை உயரமானது. லேடர் ஃப்ரேம் என்ற ஏணி மாதிரியான இரும்புச் சட்டத்தின் மேல் உட்காரவைத்த வண்டி என்பதால் ஃபுட்போர்டில் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, உடம்பை மேலே இழுத்துத்தான் ஏற வேண்டும். அம்மா முதலில் வலது காலை வைப்பார், கைப்பிடியைப் பிடிப்பார், கொஞ்சம் நிற்பார். பின்னால் நான் முழங்கையைத் தாங்கிக்கொள்வேன். ஏறிவிட்டால் உள்ளே ராஜ வசதி, அதில் குறை சொல்லவே முடியாது. இறங்குவதுதான் இன்னும் கஷ்டம். ஃபுட்போர்டு கண்ணுக்குத் தெரியாது, காலால் தேட வேண்டும். பஞ்ச்சில் கதவு 90 டிகிரி முழுசாகத் திறக்கும். சீட் இடுப்பு உயரத்தில் இருக்கும். பின்பக்கமாக உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொண்டால் வேலை முடிந்தது. யார் துணையும் வேண்டாம். ஆஸ்பத்திரிக்கோ கோயிலுக்கோ கிளம்பும்போது "இதுலயே போயிரலாம் கண்ணு" என்று அம்மா பஞ்ச் பக்கம்தான் போவார். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பாருங்கள். எந்த விளம்பரத்திலும் இது வராது.

அடுத்தது ஏழு சீட். பெரிய வண்டி எடுக்க எல்லாரும் சொல்லும் முதல் காரணம் "குடும்பத்தோட போகலாம்ல" என்பது. ஃபார்ச்சூனரின் மூன்றாவது வரிசையில் தரை உயர்ந்தும் சீட் தாழ்ந்தும் இருக்கும். பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் மேலே தூக்கி நிற்கும். பத்து, பன்னிரண்டு வயது வரைக்கும் பிள்ளைகள் உட்காரலாம். ஏழு பேரும் உட்கார்ந்துவிட்டால் பின்னால் இரண்டு சின்னப் பைக்குத்தான் இடம். அந்த சீட்டுகள் மடங்குவதும் பக்கவாட்டில்தான். மடக்கி மாட்டிய பிறகும் இரண்டு பக்கமும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். தேங்காய் மூட்டை ஏற்றிய நாளில் இது நன்றாகவே தெரிந்தது. ஏழு பேர், பெட்டி படுக்கையோடு அடிக்கடி போகிறவர்களுக்கு அதே கம்பெனியின் இன்னோவாதான் சரியான வண்டி. ஃபார்ச்சூனரை ஐந்து பேருக்கான விசாலமான வண்டி என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது. பஞ்ச்சில் பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் என்றால் தோள் இடிக்கும். நான்கு பேருக்கு அளவான வண்டி அது. ஆனால் 366 லிட்டர் டிக்கி, நால்வரின் துணிமணிக்குத் தாராளம்.

மலைப்பாதையில் இரண்டின் குணமும் தெளிவாகத் தெரியும். ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும். ஃபார்ச்சூனரின் 500 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுக்கும் திறன், அங்கே ஒரு சுகம். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டாலே போதும், ஏசி போட்டு ஐந்து பேரோடு சத்தமே இல்லாமல் ஏறும். சிக்கல் அகலத்தில் வருகிறது. வளைவில் அரசு பஸ் இறங்கி வந்தால், பஞ்ச் ஒதுங்கி நிற்கும் இடத்தில் ஃபார்ச்சூனர் சுவரை உரசுமோ என்று கண்ணாடியைப் பார்க்க வேண்டியிருக்கும். நீளத்தில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வித்தியாசம், அகலத்தில் 11 சென்டிமீட்டர். காகிதத்தில் சின்னதாகத் தெரியும் அந்த 11 சென்டிமீட்டர் மலையில் பெரிசு. இன்னொன்று, உயரமான, கனமான வண்டி வளைவில் சாயும். ஓட்டுபவருக்குத் தெரியாது. நடு வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு வழியில் உள்ள அட்டகட்டி வருவதற்குள் தலை சுற்றும். ஆள் குறைவாகப் போனால் பின்பக்கம் தூக்கிப் போடுவதும் உண்டு. லேடர் ஃப்ரேம் வண்டிகளின் பொதுவான குணம் அது.

பஞ்ச்சில் குலுங்கல் குறைவு, சாய்வும் குறைவு. ஆனால் இன்ஜின் மூச்சு வாங்கும். 115 நியூட்டன் மீட்டரில் நான்கு பேரை வைத்துக்கொண்டு ஏறும்போது ஏஎம்டி மூன்றாவது கியருக்குப் போய், உடனே இரண்டுக்குத் திரும்பும். அந்த இடைவெளியில் வண்டி ஒரு நொடி தயங்கும். நான் மலையில் மேனுவல் மோடில் போட்டு இரண்டாவது கியரிலேயே வைத்துக்கொள்வேன், இறங்கும்போதும் அப்படியே. ஏஎம்டி எடுப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்: உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் நமக்குப் பதில் இயந்திரம் செய்கிறது. ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள், கிளட்ச் கருகிவிடும். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, எடுக்கும்போது விடுங்கள்.

நெடுஞ்சாலைக்கு வந்தால் கதை திரும்பிவிடும். பொள்ளாச்சியிலிருந்து சென்னை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஃபார்ச்சூனரில் 80 லிட்டர் டேங்க், வழியில் பங்க் தேட வேண்டிய அவசியமே இல்லை. இன்ஜின் ஓய்வாக ஓடும், சீட் இடுப்பைத் தாங்கும், லாரியைத் தாண்டும்போது மனசில் கணக்குப் போட வேண்டியதில்லை. போய் இறங்கிய அன்றே வேலையைப் பார்க்கலாம். பஞ்ச்சில் போனால் சேலம் தாண்டும்போதே ஒரு டீ குடித்து நடக்கத் தோன்றும். மூன்று சிலிண்டர் இன்ஜினின் அதிர்வு நீண்ட நேரத்தில் களைப்பாக மாறுகிறது. ஆடி மாதக் காற்றையும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலைப் பக்கம் அடிக்கும் நாட்களில், ஒரு டன் எடையுள்ள வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். லாரியைக் கடந்து வெளியே வரும் நொடியில் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். இரண்டு டன்னைத் தாண்டிய ஃபார்ச்சூனர் அசையாது. மாதம் பாதி நாள் நெடுஞ்சாலையில் இருப்பவருக்குப் பெரிய வண்டி ஆடம்பரம் இல்லை. உடம்புக்கு நல்லது. இதை நான் முழு மனசோடு சொல்கிறேன்.

கோவை ராஜ வீதியிலோ டவுன்ஹால் பக்கமோ ஃபார்ச்சூனரை எடுத்துப் போவதை நாங்கள் நிறுத்தி ரொம்ப நாளாயிற்று. ஹைட்ராலிக் ஸ்டீயரிங், மெதுவாகத் திருப்பும்போது கனம். என் மனைவி நன்றாகவே ஓட்டுவார், ஆனாலும் சாவியை எடுக்கும்போது கை பஞ்ச் சாவிக்குத்தான் போகிறது. அப்புறம் பானெட் உயரம். வண்டிக்கு நேர் முன்னால் நிற்கும் சின்னப் பிள்ளை ஓட்டுபவர் கண்ணுக்குப் படாது. வாசலில் பிள்ளைகள் விளையாடும் வீடு என்றால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு எடுப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஊருக்குள்ளேயே இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஓடும் வண்டியாகப் பெரிய டீசலை வாங்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிஎஸ்6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் இப்போதைய டீசல்களில் புகையை வடிகட்டும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கிறது. அதில் சேரும் கரி எரிய வேண்டுமானால் இன்ஜின் நன்றாகச் சூடாகிக் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். அதனால் எங்கள் வண்டியை வாரம் ஒருமுறையாவது பழனி ரோட்டில் ஓட்டிவிட்டு வருகிறோம்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, சின்ன வண்டி என்றால் தகரம் என்ற பேச்சு பழசாகிவிட்டது. பஞ்ச் 2021-ல், கார்களை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்து ஸ்டார், குழந்தைகளுக்கு நான்கு ஸ்டார் வாங்கியது. ஆனால் அந்த ஆரம்பகால வண்டிகளில் இரண்டு ஏர்பேக்தான், ஃபார்ச்சூனரில் ஏழு. கனமான வண்டியோடு மோதினால் எடைக்கென்று ஒரு பலன் இருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது. அதே எடையும் உயரமும் திடீரென்று ஒடித்துத் திருப்பும்போது எதிராக வேலை செய்யும். பின் சீட்டில் பெல்ட் போடாதவருக்கு எந்த வண்டியும் உதவாது.

ரீசேல் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஃபார்ச்சூனர் விலை மெதுவாகத்தான் இறங்கும், கேட்டு வர ஆள் இருப்பார்கள். ஆனால் பத்து வருடம் வைத்து ஓட்டப்போகிறவருக்கு அது வாங்குவதற்கான காரணமாக இருக்க வேண்டாம்.

சரி, ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை? எங்கள் வீட்டுக்குப் பஞ்ச். அம்மா தனியாக ஏறி இறங்குகிறார், மனைவி தயங்காமல் எடுக்கிறார், தோப்புப் பாதையிலும், தரைக்கும் வண்டியின் அடிக்கும் இருக்கும் 187 மில்லிமீட்டர் இடைவெளியில், அடி தட்டாமல் போகிறது. வருடத்தில் சில நாள் வரும் சென்னைப் பயணத்துக்கு ரயிலோ வாடகை வண்டியோ போதும். சித்தப்பா பையன் வியாபாரத்துக்காக வாரா வாரம் சேலம், பெங்களூரு என்று ஓடுகிறான். அவன் கேட்டபோது யோசிக்காமல் ஃபார்ச்சூனரை எடுக்கச் சொன்னேன். எடுத்தவன் சந்தோஷமாக இருக்கிறான்.

நீங்கள் முடிவெடுக்கும் முன் ஷோரூம் வாசலில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். டெஸ்ட் டிரைவ் வண்டியை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டிலேயே வயதானவரை ஏற்றி, இறக்கிப் பாருங்கள். உங்கள் போர்ட்டிகோவில் நிறுத்தி நான்கு கதவையும் திறந்து பாருங்கள். உங்கள் தெருமுனையில் நீங்களே திருப்புங்கள். வழக்கமாக ஓட்டப்போவது யாரோ அவர் கையில் சாவியைக் கொடுங்கள். மூன்றாவது வரிசையில் நீங்கள் போய் உட்கார்ந்து, பக்கத்து ஊர் வரைக்கும் அங்கேயே இருந்துவிட்டு வாருங்கள்.